காதால் வண்டி பார்ப்பவர்

நீளமான ஸ்குரூ டிரைவரின் முனையை என்ஜின் மேல் ஊன்றி, கைப்பிடியை வலது காதில் அழுத்திக்கொண்டு, கண்களை மூடி நிற்கிறார் முகமது ஆசிக். இடது கை மேலே உயர்ந்திருக்கிறது. அந்தக் கை இறங்கும்வரை யாரும் பேசக் கூடாது. வண்டிக்காரர் பேசக் கூடாது, உடன் வந்தவர் பேசக் கூடாது, பக்கத்து பேக்கரியில் தட்டு கழுவுகிறவர்கூடச் சற்று நிதானிக்க வேண்டும்.

"ஏனுங்க, செத்த சும்மா இருங்க. அவரு என்னமோ சொல்றாரு."

அவர் என்பது ஜீப். ஆசிக் எந்த வண்டியையும் அஃறிணையில் பேசுவதில்லை. டீசல் வண்டிகள் எல்லாம் 'அவரு'. சிறிய கார்கள் 'தம்பி'. பதினாறு வருடமாக நான் ஓட்டும் கார் 'பெரியவரு'. "பெரியவருக்கு மூச்சு வாங்குதுங்க, ஏத்தத்துல தொந்தரவு பண்ணாதீங்க" என்று அவர் சொல்லும்போது, காரைச் சொல்கிறாரா என்னைச் சொல்கிறாரா என்று எனக்குச் சந்தேகம் வருவதுண்டு. ஜீப் சொல்லி முடித்ததும் கை இறங்கும். பிறகு ஆசிக் பேச ஆரம்பிப்பார். ஜீப் எடுத்துக்கொண்டதைப் போல் நாலு மடங்கு நேரம் எடுத்துக்கொள்வார்.

ஏற்காட்டிலிருந்து நாகலூர் போகும் சாலையில், ஒரு சிறு மேட்டின் மேல் இருக்கிறது பட்டறை. பெயர்ப்பலகை உண்டு. அதன் மேல் மிளகுக் கொடி ஏறி, 'ஒர்க்ஸ்' என்ற சொல்லை மட்டும் படிக்க விட்டிருக்கிறது. ஆசிக்குக்கு ஐம்பத்து மூன்று வயது. சித்திரை வெயிலிலும் கையில்லாத நீலக் கம்பளிச் சட்டையைக் கழற்ற மாட்டார். "ஊட்டுக்குள்ள குளிரு, வெளிய குளிரு, வண்டிக்கு அடியில நொம்பக் குளிருங்க" என்பது அவர் கட்சி. சுற்றிலும் காப்பித் தோட்டம். அவர் தேநீர் தவிர வேறெதையும் தொடுவதில்லை. காப்பி குடித்தால் கை நடுங்குமாம். தேநீர் ஒரு நாளைக்கு ஒன்பது.

அவருடைய காதைப் பற்றி ஊரில் கதைகள் உண்டு. வெள்ளக்கடை பஸ் திருப்பத்தில் வரும்போதே, பட்டறைக்குள் இருந்தபடி "பின்னாடி பேரிங் போச்சு" என்றாராம். மூன்றாம் நாள் பஸ் நின்றதாம். ஒரு கல்யாணக் காரை வழியில் மறித்து, மாப்பிள்ளையை இறங்கச் சொல்லி, சக்கரத்து நட்டு ஒன்றை முடுக்கி அனுப்பினாராம். எல்லாம் உண்மைதான், விசாரித்துவிட்டேன். இந்தக் கதைகள் ஒன்றுகூடப் பத்து வருடத்துக்கு இந்தப் பக்கம் நடந்ததில்லை என்பதை மட்டும் நான் தாமதமாகத்தான் கவனித்தேன்.

பட்டறையின் இன்னொரு பாதி சலீமா, அவருடைய மனைவி. சேலத்தில் கம்ப்யூட்டர் படித்தவர். புது வண்டிகளுக்குள் இருக்கும் கம்ப்யூட்டரோடு பேச ஸ்கேனர் என்று ஒரு கருவி உண்டு. அது சலீமாவின் பொறுப்பு. சலீமா வண்டியோடு ஒயர் போட்டுப் பேசுவார், ஆசிக் ஒயர் இல்லாமல் பேசுவார். தேநீர் ஆறுகிறது என்றால் சலீமா மேஜையிலிருந்து இரண்டு முறை கூப்பிடுவார். மூன்றாம் முறை கூப்பிடாமல் எழுந்து வந்து கணவரின் தோளைத் தொடுவார். நான் அதை அன்பு என்று நினைத்திருந்தேன்.

இந்த அமைப்புக்குள்தான் செல்வமேரியின் ஹைபிரிட் கார் வந்து சேர்ந்தது. செல்வமேரிக்கு நாகலூரில் கொஞ்சம் காப்பித் தோட்டமும், விருந்தினர் தங்க நாலு அறைகளும் உண்டு. சேலம் ரயில் நிலையத்துக்குப் போய் விருந்தினரை ஏற்றி வருவது, சாமான் வாங்கி வருவது எல்லாம் அவரே. இருபது வருடம் ஜீப் ஓட்டியவர், இரண்டு வருடத்துக்கு முன் அதை விற்றுவிட்டு, பெட்ரோலிலும் பேட்டரியிலும் மாறி மாறி ஓடும் இந்தக் காரை வாங்கினார். மலை இறங்கும்போது என்ஜின் தானாக அணைந்துவிடும். கார் ஒரு சத்தமும் இல்லாமல் வழுக்கிக்கொண்டு இறங்கும்.

ஆசிக்குக்கு அது பிடிக்கவில்லை. ஸ்குரூ டிரைவரைக் காதில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றுவிட்டு, "பெரிய எடத்துப் பொண்ணு மாதிரிங்க. வாயே தொறக்க மாட்டேங்கறாங்க" என்றார். அன்று முதல் அந்தக் கார் 'அவங்க' ஆயிற்று.

போன ஐப்பசி மழைக்குப் பிறகு செல்வமேரி ஒரு புகாரோடு வந்தார். மெதுவாகத் திரும்பும்போதும் குழியில் இறங்கி ஏறும்போதும் முன்பக்கம் இடது ஓரத்தில் 'டொக்' என்று ஒரு சத்தம். ஆசிக் முன் இருக்கையில் ஏறி, கண்களை மூடி, கையை உயர்த்திக்கொண்டார். நாகலூர்வரை போய்த் திரும்பினார்கள்.

"ஒண்ணுமில்லைங்க மேரிம்மா."

"இப்பக்கூடக் கேட்டுச்சே பாய்."

"இருபது வருசம் ஜீப்பு ஓட்டுன காதுங்க உங்களுது. இந்த வண்டியில சத்தமே இல்லையா, அது பாட்டுக்குப் பழைய சத்தத்தைத் தேடுது. பழகிரும் போங்க."

பதினைந்து நாள் கழித்து மறுபடி வந்தார். ஆசிக் ஏதோ ஒரு போல்ட்டை முடுக்கி அவரைச் சமாதானம் செய்து அனுப்பினார். அந்தப் போல்ட் முன்பே இறுக்கமாகத்தான் இருந்தது என்பது என் ஊகம். மார்கழியில் மூன்றாம் முறை. இந்தத் தடவை செல்வமேரி, "ஜாக்கி போட்டுத் தூக்கி, கீழ குனிஞ்சுதான் பாருங்களேன்" என்று கேட்டார். "காது சொல்லாததைக் கண்ணு சொல்லிருமாக்கும்" என்று சிரித்தார் ஆசிக். நானும் அங்கே இருந்தேன். நானும் சிரித்தேன். சலீமா சிரிக்கவில்லை, ஏதோ சொன்னார். ஆசிக் அதற்குள் வேறு வண்டிக்குப் போய்விட்டார்.

தை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு, நான் பெரியவரோடு பட்டறையில் காத்திருந்தபோது, போன் வந்தது. சலீமா எடுத்தார். கேட்டுக்கொண்டே எழுந்து நின்றார். "மேரிம்மா வண்டி, பதினாலாவது பெண்டுல" என்று கணவரின் முகத்துக்கு நேரே போய் நின்று சொன்னார். அவர் ஸ்பேனரைக் கீழே வைக்காமலே என் காரில் ஏறிவிட்டார். சலீமாவும் பின்னால் ஏறிக்கொண்டார்.

செல்வமேரி தனியாக இறங்கிக்கொண்டிருந்திருக்கிறார். வளைவில் பாதி திரும்பியபோது முன்னால் ஸ்டியரிங் படம் போட்ட சிவப்பு விளக்கு எரிந்தது. அந்த நொடியே ஸ்டியரிங் கல்லாகிவிட்டது. ஒரு விரலால் திருப்பிக்கொண்டிருந்ததை இரண்டு கையாலும் உடம்பின் முழு பாரத்தாலும் இழுத்துத் திருப்பி, பிரேக்கை மிதித்து நிறுத்தியிருக்கிறார். தடுப்புச் சுவருக்கும் காருக்கும் இடையே ஒரு சாண் இருந்தது. சுவருக்கு அப்பால் ஒன்றுமில்லை. அடியில் வெகு தூரத்தில் அடுத்த வளைவு தெரிந்தது.

நாங்கள் போனபோது அவர் ஓரத்துக் கல்லில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். "பாய், இப்பவாச்சும் கீழ குனிஞ்சு பாருங்க" என்று மட்டும் சொன்னார்.

ஆசிக் சாலையில் மல்லாந்து படுத்து, இடது முன் சக்கரத்தின் பின்னால் தலையை நுழைத்தார். ஸ்டியரிங்கைத் திருப்பினால், இரண்டு சக்கரங்களையும் இடமோ வலமோ தள்ளுவதற்குக் குறுக்கே ஒரு பல் வைத்த இரும்புத் தண்டு உண்டு. அதைக் குழாய் போன்ற கூட்டுக்குள் வைத்திருப்பார்கள். அந்த மொத்த உறுப்புக்கும் ராக் என்று பெயர். அதன் இரண்டு நுனியிலும் மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் உறை இருக்கும், மண்ணும் தண்ணீரும் உள்ளே போகாமல். இடது பக்கத்து உறையில் ஒரு கிழிசல். எலி கடித்ததோ, கல் பட்டதோ. ஆசிக் அதைப் பிடித்து அழுத்தினார். காப்பி நிறத்தில் தண்ணீர் வழிந்து அவர் மணிக்கட்டு வழியாக, கம்பளிக்கு உள்ளே போட்டிருந்த சட்டையின் கைக்குள் இறங்கியது. ஐப்பசி மழை முழுக்க உள்ளே இருந்திருக்கிறது. தண்டு துருப்பிடித்து, தேய்ந்து, ஆட்டம் கண்டு, கடைசியில் ராக்கோடு சேர்ந்திருக்கும் மோட்டாருக்கும் தண்ணீர் போய்விட்டது. ஸ்டியரிங்கை லேசாக்கித் தருவது அந்த மோட்டார்தான்.

"சலீமா, ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் ஆட்டு" என்றார் அடியில் இருந்து. சலீமா ஆட்டினார். ராக்கின் மேல் ஆசிக்கின் உள்ளங்கை இருந்தது. எங்கள் மூவருக்கும் தெளிவாகக் கேட்டது. டொக். டொக். ஆசிக் கண்ணை மூடவில்லை, கையை உயர்த்தவில்லை. உள்ளங்கையைப் பார்த்தபடியே படுத்திருந்தார். பிறகு எழுந்து வந்து சலீமாவிடம் கேட்டார்.

"உனக்குக் கேட்டுச்சா?"

"மொத நாளே கேட்டுச்சுங்க. வண்டி பட்டறை மேட்டுல ஏறும்போதே."

"ஏன் சொல்லலை?"

"சொன்னேன். மூணுவாட்டியும் சொன்னேன். அதுவும் உங்களுக்குக் கேக்கலை."

அந்த இடத்தில் சிரிக்கலாமா கூடாதா என்று எனக்குத் தெரியவில்லை. முதலில் சிரித்தது செல்வமேரிதான். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆசிக் சிரிக்கவில்லை. வண்டியைக் கட்டி இழுத்துப் போகும் லாரி வரும்வரை, சுவருக்கும் காருக்கும் இடையில் இருந்த அந்த ஒரு சாண் இடைவெளியில் போய் நின்றுகொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு இரண்டு நாள் பட்டறை அமைதியாக இருந்தது. பேக்கரிக்காரர் ஐயாக்கண்ணு வந்து உடம்பு சரியில்லையா என்று விசாரித்துவிட்டுப் போனார். மூன்றாம் நாள் ஆசிக் நாகலூருக்கு நடந்தே போய் செல்வமேரி வீட்டு வாசலில் நின்றார். அங்கே நடந்ததைச் செல்வமேரி எனக்குச் சொன்னார்.

"சேலத்துல கம்பெனிக்கே கொண்டு போயிருங்க மேரிம்மா. நான் இனி ஸ்டியரிங் பக்கம் போறதில்லை" என்றாராம். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லையாம். "காது போயி நாலு வருசம் இருக்கும்ங்க. எடது பக்கம் சுத்தமா இல்லை, சோத்தாங்கைப் பக்கம் பாதி. டீசல் வண்டின்னா அதிர்வு கைக்குத் தெரியும், அதை வச்சு ஓட்டிட்டேன். உங்க வண்டி அதிரவே இல்லை. தெரிஞ்சேதான் காதுக்கு ஒண்ணுமில்லைன்னு இருந்துட்டேன். ஒருவாட்டி குனிஞ்சு பாத்திருந்தாப் போதும். குனிஞ்சா எனக்குக் கேக்கலைன்னு ஆயிருமேன்னு பாத்தேன்."

செல்வமேரி உள்ளே போய்க் காப்பி போட்டு எடுத்து வந்து கையில் கொடுத்தார். ஆசிக் குடித்தார். மறுக்கும் நிலையில் அவர் இல்லை.

"எனக்குக் கோவம் இல்லைன்னு நினைச்சுக்காதீங்க" என்றார் செல்வமேரி. "நொம்பக் கோவம். அதனாலதான் நீங்களே மாத்தணும்ங்கறேன். வேற எவராச்சும் மாத்துனா, நீங்க பாக்காம வுட்டது அப்படியே நிக்கும். அப்பறம் நீங்க என் மூஞ்சியைப் பாக்க மாட்டீங்க. நானும் நல்ல மெக்கானிக்குக்கு எங்க போவேன்? மாத்துங்க. மாத்திட்டு, சக்கரத்தை நேர் பண்ணச் சேலம் போகோணுமில்ல, அன்னிக்கே காது டாக்டரையும் பாத்துட்டு வரோணும். அது ரெண்டுக்கும் சம்மதம்னா வண்டியைத் தொடுங்க."

புது ராக் ஒரு நீளமான அட்டைப் பெட்டியில் சேலத்திலிருந்து பஸ்ஸில் ஏறி வந்தது. ஜன்னலோர இருக்கையில் கண்டக்டரே பத்திரமாகச் சாய்த்து வைத்திருந்தார். ஹைபிரிட் காரில் கை வைப்பதற்கு முன் பெரிய பேட்டரியின் இணைப்பைத் துண்டிக்க வேண்டும். ஆரஞ்சு நிற ஒயர்களில் ஆளைக் கொல்லும் மின்சாரம் இருக்கிறது. ஆசிக் முழங்கைவரை ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு, பேட்டரியின் இணைப்புப் பிளக்கைப் பாம்பைப் பிடிப்பதுபோலப் பிடித்து உருவினார். யாரும் தெரியாமல் திரும்பச் சொருகிவிடக் கூடாது என்று அதைச் சலீமாவின் கைப்பையில் போட்டு, பையின் ஜிப்பையும் தானே இழுத்து மூடினார். மிச்ச மின்சாரம் அடங்கப் பத்து நிமிடம் சும்மா இருக்க வேண்டும் என்று கம்பெனிப் புத்தகம் சொல்கிறது. ஆசிக் சும்மா இருந்த பத்து நிமிடத்தை நான் அன்றுதான் பார்த்தேன்.

பிறகு வேலை. ராக்கிலிருந்து கழற்றியபின் ஸ்டியரிங் இஷ்டத்துக்குச் சுழன்றால் அதன் உள்ளே சுருட்டி வைத்த மெல்லிய ஒயர் அறுந்துவிடும் என்பதால், அதைச் சீட் பெல்ட்டால் கட்டிப் போட்டார். சக்கரத்தோடு சேரும் முனையைக் கழற்றும்போது எத்தனை சுற்று என்று எண்ணினார், பதினெட்டரை. புதியதில் அதே பதினெட்டரை. எந்தப் போல்ட்டை எவ்வளவு முடுக்க வேண்டும் என்று சலீமா லேப்டாப்பைப் பார்த்து வாசித்தார். ஆசிக் ஒவ்வொரு எண்ணையும் திருப்பிச் சொன்னார். சரியாகக் கேட்டிருந்தால் சலீமா தலையாட்டினார், தப்பென்றால் விரலால் காட்டினார். நாலு முறை விரல் எழுந்தது. நாலு முறையும் ஆசிக் கோபித்துக்கொள்ளவில்லை. பக்கத்தில் நின்ற எனக்கு அது புது ராக்கைவிடப் புதிதாக இருந்தது.

மாட்டி முடித்ததும் ஒரு சிக்கல் வந்தது. ஸ்டியரிங் நேராக இருப்பது எது என்று ஸ்கேனர் வழியாகக் காருக்குக் கற்றுத்தர வேண்டும். அதற்குக் கார் சமதளத்தில் நிற்க வேண்டுமாம். ஏற்காட்டில் சமதளத்துக்கு எங்கே போவது? கொத்தனார் ஒருவரிடம் ரசமட்டம் இரவல் வாங்கிக்கொண்டு, ஆசிக் காலை முழுக்க ஊரை அளந்தார். பட்டறை வாசல் சாய்வு. படகுத் துறைக்கு வெளியே வண்டி நிறுத்தும் இடம் சாய்வு. செல்வமேரியின் காப்பிக் களம், மழைத் தண்ணீர் வடிய வேண்டும் என்று சாய்த்தே கட்டியது. கடைசியில் ஒரு கான்வென்ட் பள்ளியின் கூடைப்பந்துத் திடலில் குமிழ் நடுவில் நின்றது. செல்வமேரி கன்னியாஸ்திரிகளிடம் அனுமதி வாங்கினார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அவர்கள் வரிசையாக நின்று பார்க்க, பந்து போடும் வளையத்துக்கு நேர் கீழே கார் நின்றது. "யாரும் ஸ்டியரிங்கைத் தொடாதீங்க" என்று சலீமா கையை உயர்த்தினார். ஆசிக் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். ஸ்கேனர் ஒரு முறை கூவியது. சிவப்பு விளக்கு அணைந்தது.

மறுநாள் சேலம். நூல் கட்டிச் சக்கரங்களை ஓரளவு நேராக்கியிருந்தார். மீதியைச் சேலத்தில் மெஷின் பார்த்துக்கொள்ளும். எனக்கும் கீழே ஒரு வேலை இருந்ததால் தொற்றிக்கொண்டேன். செல்வமேரி ஓட்டினார். இருபதாம் வளைவில் ஆசிக் திரும்பிப் பின்னால் இருந்த சலீமாவிடம் "கேக்குதா?" என்றார். "இல்லைங்க." பத்தொன்பதில் "கேக்குதா?" "இல்லைங்க." பதினெட்டில் மறுபடி. பதினாலாம் வளைவில் மட்டும் அவர் எதுவும் கேட்கவில்லை. கார் பட்டுப் போலத் திரும்பியது. பதின்மூன்றில் "கேக்குதா?" என்றபோது செல்வமேரி, "கேட்டா நாங்களே சொல்றோம் பாய். நீங்க வெளிய பாத்துட்டு வாங்க" என்றார். ஆசிக் ஒரு வளைவு முழுக்க வெளியே பார்த்தார். அப்புறம் மறுபடி திரும்பினார்.

சக்கர வேலை முக்கால் மணி நேரத்தில் முடிந்தது. காது டாக்டரின் மாடியில் கண்ணாடி வைத்த சிறிய அறை ஒன்று இருந்தது. ஆசிக்கை உள்ளே உட்கார வைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்கும்போதெல்லாம் விரலைத் தூக்க வேண்டும் என்று சொல்லிக் கதவை மூடினார் அங்கே வேலை பார்க்கும் பெண். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் மெஷின் முன் அவர் உட்கார்ந்தார். நாங்கள் மூவரும் சற்றுத் தள்ளி.

விரல் எழுந்தது. மறுபடி எழுந்தது. ஒன்றுகூடத் தவறவில்லை. அந்தப் பெண் தலையைச் சாய்த்து, "இந்த வயசுக்கு நல்லாத்தான் இருக்குதுங்க" என்றார். செல்வமேரி சலீமாவைப் பார்த்தார். சலீமா மெஷினைப் பார்க்கவில்லை; கணவரின் கண்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்தேன். முப்பது வருடமாக எந்தப் பித்தானுக்கு எந்தச் சக்கரம் சுழலும் என்று பார்த்தே பிழைத்தவர், கண்ணாடி வழியாக அந்தப் பெண்ணின் கட்டைவிரல் பித்தானை அழுத்தும் ஒவ்வொரு தடவையும் தன் விரலைத் தூக்கிக்கொண்டிருந்தார்.

சலீமா எழுந்தார். கண்ணாடிக்கு அருகே போய் நின்றார், அவ்வளவுதான். ஆசிக் நிமிர்ந்து அவரைப் பார்த்தார். விரலை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு எழுந்து, ஹெட்போன் ஒயர் சிக்காமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு, நாற்காலியைத் தூக்கித் திருப்பிப் போட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்.